காபன் போடாமல் அடித்த கடிதம்

போன மாதம் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். செயலாளர்களைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறாளாம். கையில் நாலு பக்கப் படிவம்.

"அன்ரி, நீங்கள் முப்பத்திநாலு வருசம் செயலாளரா இருந்தனீங்கள். உங்கட வேலைக்குத் தடையா இருந்ததுகள் என்னென்னெண்டு இதில புள்ளடி போட்டுத் தாங்கோ" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இடவசதி போதாமை, உபகரணக் குறைபாடு, பயிற்சி இன்மை, மேலதிகாரியின் ஒத்துழையாமை, வேலைப் பளு என்று வரிசையாகப் பெட்டிகள். எல்லாப் பெட்டிக்கும் புள்ளடி போட்டேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கொடுத்த பிறகு மனம் கேட்கவில்லை.

"பிள்ளை, இதெல்லாம் தடைதான். ஆனா நான் விட்ட பெரிய பிழை இந்தப் பெட்டி ஒண்டுக்குள்ளயும் அடங்காது."

"அப்ப அது என்ன அன்ரி?" என்றாள். கேட்டவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம், எழுந்து போய்விட்டாள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காத ஆட்களோடுதான் நானும் முப்பத்திநாலு வருடம் குப்பை கொட்டினேன். ஆகையால் பெரிதாகக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது. அவளுக்குச் சொல்ல இருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் மன்னார் வங்காலைப் பிள்ளை. பெயர் பிலோமினா. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில் ஒன்றரை வருடம் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்தேன். விரல்களைப் பார்க்கக் கூடாதென்று கைக்கு மேலே ஒரு துணியை விரித்துவிடுவார்கள். அந்தத் துணிக்குள் அழுதழுது படித்துச் சோதனை பாஸ் பண்ணினேன். மன்னார்ப் பட்டினத்தில் கரையோரத் தொழில்களைப் பார்க்கிற ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்தது. கந்தோரின் பெயர் வேண்டாம். முதல் மூன்று வருடமும் தகுதிகாண் காலம். அந்தக் காலத்துக்குள் ஒரு பிழை விட்டால், விளக்கம் கேட்காமலே வீட்டுக்கு அனுப்பலாம். நான் சொல்லப்போவது என் மூன்றாம் வருடத்தில் நடந்தது.

தடை என்று கேட்டாள் அல்லவா? முதல் தடை காற்று. சோளகம் தொடங்கினால் கந்தோர் இருந்த மன்னார்த் தீவில் உப்பும் மணலும் சேர்ந்து யன்னலால் உள்ளே வரும். இரவு மூடி வைத்த தட்டச்சுப் பொறியில் காலையில் ஒரு எழுத்தை அடித்தால் இரண்டு எழுத்துக் கைகோத்துக்கொண்டு எழும்பும். தையல் மெசின் எண்ணெயும் பழைய பல்துலக்கியும் என் கைப்பையில் எப்போதும் இருக்கும். தினமும் காலையில் கால்மணி நேரம் பொறிக்குப் பல் விளக்கிவிடுவேன்.

இரண்டாம் தடை கழுதைகள். கந்தோர்ச் சுவர் நிழலில் ஏழெட்டு நிற்கும். யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் அழைப்புப் பதிந்து, இரண்டு மணித்தியாலம் நான் காத்திருந்தால், இணைப்புக் கிடைக்கிற அந்த நொடிக்காகவே காத்திருந்ததுபோல ஒன்று கத்தத் தொடங்கும். ஒன்று தொடங்கினால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் கந்தோர்ப் பெரியவர் சபாநாதன் சேர் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கழுதை கத்தினால் பேச்சை நிறுத்திவிடுவார். யன்னல் பக்கம் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவர் சொல்லி முடிக்கட்டும்" என்பார். சிரிக்கமாட்டார். அது முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து அப்படியே தொடர்வார். அவர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பக்கத்து மனிதர். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், வெள்ளை லோங்ஸ் காற்சட்டை. கோபம் வந்தால் குரல் இன்னும் மெலிந்துவிடும். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

கடிதத்தை அவர் வாசிக்கிற விதமும் தனி. ஒப்பத்துக்கு வைத்தால் கடைசி வரியிலிருந்து மேலே மேலே போவார். விரலை ஒவ்வொரு வரிக்கும் வைத்து, கடைசியாகத்தான் மேலே திகதிக்கு வருவார். "மேலயிருந்து வாசிச்சா நாங்கள் சொல்ல நினைச்சதைத்தான் வாசிப்பம் மிஸ். கீழயிருந்து வந்தாத்தான் அடிச்சது தெரியும்" என்று எனக்கு விளக்கம் சொன்னார். என் பிழைகளை அவர் அப்படித்தான் பிடிப்பார். பிடித்தால் வைய மாட்டார், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிக்குப் பயந்தே நான் நல்ல தட்டெழுத்தாளர் ஆனேன்.

மூன்றாம் தடைதான் பெரியது. சொந்தக்காரர். எங்கள் கரையில் ஒருவர் கந்தோருக்கு வந்தால் பிரிவைத் தேடிப் போகமாட்டார், தெரிந்த முகத்தைத் தேடித்தான் போவார். எனக்கு முன்னால் ஒரு கதிரை கிடந்தது. அது காலியாக இருந்து நான் கண்டதில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி, தம்பிக்குச் சம்பந்தம் சரிவந்ததா என்று தொடங்கி, "அது கிடக்கட்டும் பிலோ, எங்கட பெட்டிசம் எந்த மட்டில நிக்குது?" என்று முடிப்பார்கள். சொல்லவும் ஏலாது, எழும்பிப் போங்கோ என்று சொல்லவும் ஏலாது. நான் ரைப் அடித்துக்கொண்டே ஓம் ஓம் என்று தலையாட்டப் பழகிக்கொண்டேன். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு வினையாக வந்தது.

கந்தோர்ப் பியோன் காசிம் நானாவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. கந்தோருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அடுப்பு வைத்திருந்தார். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணி. தபால் கொண்டுபோவதும் அவர்தான். அவருடைய மனைவி பாத்திமா ராத்தாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆறு வருடம். ஒரே மகள் தெற்கே மறிச்சுக்கட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மத்தியானம் பன்னிரண்டடிக்க நானா சைக்கிளில் ஏறுவார். வீடு ஐந்து நிமிடத் தூரம். ராத்தாவைத் திருப்பிப் படுக்கவைத்து, சோறு தீத்திவிட்டு, ஒரு மணிக்கு முன்னமே திரும்பி வந்துவிடுவார். அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் கந்தோரில் யாரும் தொடமாட்டார்கள். சேரும் தொடமாட்டார்.

இனி இரகசியக் கடிதத்தின் முறை. சேர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுவார். நான் குறிப்பெடுத்து, புதுக் காபன் தாள் ஒன்று வைத்து, மூலமும் ஒரு கொப்பியும் அடிக்கவேண்டும். பழைய காபன் வைத்தால் கொப்பி தெளியாது. ஆனால் புதுக் காபனில் ஒரு சிக்கல் உண்டு. ஒரேயொரு கடிதம் அடித்த காபனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அடித்த எழுத்தெல்லாம் மை கழன்ற இடமாக வெளிச்சமாய்த் தெரியும். கடிதத்தையே கையில் வைத்திருக்கிற மாதிரித்தான். ஆகையால் அடித்து முடிந்ததும் குறிப்புத் தாளையும் காபனையும் நானே கொண்டுபோய்க் காசிம் நானாவின் அடுப்பில் போட்டு, சாம்பலாகிறவரை நின்று பார்க்கவேண்டும் என்பது சேரின் கட்டளை.

முதல் இரண்டு வருடமும் அப்படியே செய்தேன். பிறகு தட்டுப்பாடு வந்தது. எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். ஐந்து பெட்டி காபன் கேட்டு எழுதினால் அரைப் பெட்டி வந்தது. அதிலும் பாதி வெயிலில் ஒட்டிப்போன தாள். புதுக் காபனை ஒரே ஒருமுறை பாவித்துவிட்டு நெருப்பில் போடும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஆகையால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இரகசியக் காபனை எரிக்காமல் என் மேசையின் கீழ் லாச்சியில், மற்றக் காபன்களுக்கு அடியில் வைத்துவிடுவேன். அடுத்த நாள் சாதாரணக் கடிதங்களுக்கு அதைப் பாவிப்பேன். ஆறேழு கடிதம் மேலே விழுந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக எழுத்து ஏறி, எந்தக் கண்ணாலும் வாசிக்க ஏலாது. நல்ல யோசனைதான். இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். சேரிடம் மட்டும் சொல்லவில்லை.

பழைய காபனுக்கு எங்கள் பக்கத்துப் பெண்களிடம் நல்ல கிராக்கி. கோவில் திருநாள் வந்தால் பீடத்துணிக்குப் பூவேலை செய்வார்கள். திராட்சைக் குலை, கோதுமைக் கதிர், புறா என்று கடதாசியில் கீறின படத்தைத் துணியில் இறக்கக் காபன் வேண்டும். புதுக் காபன் வெள்ளைத் துணியைக் கரியாக்கிவிடும். நன்றாகத் தேய்ந்ததுதான் தோது, மெல்லிய கோடாக விழும், கழுவப் போய்விடும். ஆகையால் தேய்ந்து உதவாமல் போன காபன்களை நான் எறியாமல் சேர்த்துவைத்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். இதில் ஒரு குற்றமும் இல்லை, சேருக்கும் தெரியும்.

அந்த வருடம் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஐஸ் தொழிற்சாலைப் பிரச்சினை நடந்துகொண்டிருந்தது. தீவில் ஒரு ஊர், பாலத்துக்கு அப்பால் பெருநிலப் பக்கத்தில் ஒரு ஊர். ஒன்றுக்குத்தான் கிடைக்கும். ஊர்ப் பெயர்களைச் சொல்லமாட்டேன், இரண்டிலும் எனக்குச் சொந்தம் இருக்கிறது, இந்த வயதில் சண்டைக்குப் பலமில்லை. இரண்டு ஊர்ச் சங்கமும் மாறி மாறி வந்தன. சேர் இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "இன்னும் ஒரு முடிவும் எடுக்கயில்லை."

ஒரு வெள்ளிக்கிழமை காலை கதவைச் சாத்திவிட்டு முடிவைச் சொன்னார். யாழ்ப்பாணத்து மேலதிகாரிக்கு இரகசியக் கடிதம். தீவுப் பக்கத்து ஊரில் நல்ல தண்ணீர் இருப்பதால் அதற்கே கொடுக்கலாம் என்று இரண்டு பந்தி. மற்ற ஊரைப் பற்றி ஒரு வரி. அந்த வரியை அவர் யன்னலைப் பார்த்தபடி, ஒரு நாளும் இல்லாத சந்தோஷத்தோடு சொன்னார்: "அவ்வூர்ச் சங்கத் தலைவரின் குரல் பெரிதேயன்றிச் சங்கத்தின் வள்ளங்கள் அதிகமில்லை." நானும் சிரித்துவிட்டேன். அடித்தேன், ஒப்பமிட்டார், அரக்கு வைத்தேன். காபனை வழமைபோல லாச்சியில் வைத்தேன். உறையைக் காசிம் நானாவிடம் கொடுக்கும்போது பன்னிரண்டாகிவிட்டது.

அன்று பின்னேரம் லூர்து மச்சாள் வந்தாள். என் மாமியின் மகள். பெருநிலப் பக்கத்து அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டவள். வருகிற ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு அவர்கள் கோவில் திருநாள், பீடத்துணிக்குக் காபன் வேண்டுமாம். அவள் வந்த நேரம் யாழ்ப்பாண அழைப்புக் கிடைத்து நான் ரெலிபோனில் கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே சேர் மணியடிக்கிறார். முன் கதிரையில் ஒரு கிழவர் படகு உரிமைப் பத்திரத்தோடு இருக்கிறார். வெளியே கழுதை. "எங்க பிலோ காபன்?" என்றாள். "லாச்சியில. எடு, எடு" என்று தலையாட்டினேன்.

பழைய காபன் கட்டு மேல் லாச்சியில் இருந்தது. அவள் கீழ் லாச்சியைத் திறந்தாள். நான் பார்க்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை காலை அந்தச் சங்கத் தலைவர் வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அவர் பேசத் தொடங்கியதும் கழுதைகளே விலகிப் போயின. "சேர்! என்ர குரல் பெரிசுதான். சங்கத்தின் வள்ளங்கள் அதிகமில்லைத்தான். எண்ணித் தரட்டோ? வாங்கோ கரைக்கு, எண்ணித் தாறன்!"

சேரின் முகம் சுண்ணாம்பாய்ப் போனது. சொல்லுக்குச் சொல் அவருடைய வரி. எங்கே கேட்டீர்கள் என்றதற்கு, "எங்களுக்கும் கண் காது இருக்கு சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபின் சேர் என்னைக் கூப்பிட்டார். குரல் மெலிந்து நூலாகியிருந்தது. "அந்தக் கடிதத்தைத் தொட்டது மூண்டு பேர் மிஸ். நான், நீங்கள், காசிம். நீங்கள் வாய் திறக்கமாட்டீங்கள். அது எனக்குத் தெரியும்."

காசிம் நானாவைக் கூப்பிட்டு விசாரித்தார். வெள்ளிக்கிழமை நானா உறையை நேரே தபால் கந்தோருக்குக் கொண்டுபோகவில்லை. பன்னிரண்டாகிவிட்டதால் முதலில் வீட்டுக்குப் போய், ராத்தாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பிறகுதான் தபாலில் சேர்த்திருக்கிறார். அதை அவரே சொன்னார். போதாததற்கு அவருடைய மச்சான் ஒருவர் அந்த ஊரில் கருவாடு வாங்கி விற்கிறவர்.

"உறையை உடைச்சனியோ காசிம்?"

"இல்லை சேர்."

"வேற ஆரும் தொட்டவையோ?"

நானா கொஞ்சம் யோசித்தார். "தெரியாது சேர்" என்றார்.

அந்த நேரம் நானும் மனசுக்குள் நானாவைத்தான் நினைத்தேன். ஒரு நொடிதான். ஆனால் நினைத்தேன், மறைக்கமாட்டேன். அன்றிலிருந்து நானா தபால் பையைத் தொடக்கூடாது, கோவைகள் இருக்கிற அறைக்குள் வரக்கூடாது என்று கட்டளையாயிற்று. விறாந்தையில் ஒரு வாங்கு போட்டு அதில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருநாளுக்குப் போனேன். பூசை முடிந்து பீடத்துணி வெகு அழகாயிருக்கிறதென்று லூர்து மச்சாளிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அழகுதான். ஆனா உன்ர காபனொண்டு துணியைக் கரியாக்கப் பார்த்துதடி! தேஞ்சதோ புதுசோ எண்டு யன்னலில பிடிச்சுப் பார்த்தன். ஆண்டவரே! அத்தானைப் பற்றியெல்லோ எழுதிக் கிடந்தது. எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சுது."

அந்தச் சங்கத் தலைவர் அவளுடைய புருஷனின் மூத்த அண்ணன். "மச்சாள், இதால ஒரு மனிசன்ர சீவியம் போகப்போகுது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு நின்றது. "நான் பகிடிக்குத்தானே வாசிச்சனான்" என்று அழத் தொடங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எடு எடு என்று தலையாட்டினது நான்.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போகும்போது உடனே சொல்லிவிடுவதென்றுதான் போனேன். உள்ளே போனதும் சேர் கதவைச் சாத்தினார். "எழுதுங்கோ மிஸ்." காசிம் நானாவைப் பற்றிய கடிதம். உத்தியோக இரகசியத்தைப் பேணத் தவறியமையால் அவரை உடனடியாக மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கந்தோருக்கு இடமாற்றவேண்டும் என்று மேலதிகாரிக்குச் சிபாரிசு. நான் குறிப்பெடுத்தேன். என் கை தன்பாட்டில் எழுதியது. வாய் திறக்கவில்லை. தகுதிகாண் காலம் முடிய நாலு மாதம். அப்பா கடலுக்குப் போவதை விட்டு இரண்டு வருடம். தம்பிமார் இரண்டு பேரும் என் சம்பளத்தில்தான் படித்தார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கடிதத்தை அடிக்கவும் என்னால் முடியவில்லை. திங்கள் பின்னேரம் சேர் கேட்டபோது பொறி இறுகிவிட்டது என்றேன். செவ்வாய்க்கிழமை றிபன் காய்ந்துவிட்டது என்றேன். புதன்கிழமை காபன் இல்லை என்றேன். இவ்வளவு காலமும் தடை தடை என்று முணுமுணுத்தவள், அந்த நாட்களில் ஒவ்வொரு தடையையும் கும்பிட்டுக் கூப்பிட்டேன். சனியன் பிடித்த சோளகமும் அந்தக் கிழமை ஓய்ந்து கிடந்தது. பொறி பட்டுப்போல ஓடியது. ஒரு கழுதைகூடக் கத்தவில்லை.

யன்னலால் பார்த்தால் விறாந்தை வாங்கில் நானா. பன்னிரண்டுக்குப் போவார், ஒரு மணிக்கு முன் வருவார், இருப்பார். தேத்தண்ணி மட்டும் வழமைபோல வந்தது. உள்ளே வரக்கூடாது என்பதால் கோப்பையை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செத்துப்போகலாம் போலிருக்கும்.

வியாழக்கிழமை காலை சேர் தானே என் மேசைக்கு வந்து, தன் லாச்சியிலிருந்து எடுத்த ஒரு புதுக் காபனை வைத்தார். "இது என்ர கையிருப்பு. மத்தியானத் தபாலுக்குக் கடிதம் வேணும்." அதோடு என்னிடமிருந்த பொய்கள் முடிந்தன.

பொறியில் தாளை ஏற்றினேன். அவருடைய கடிதத்தை அடிக்கவில்லை. என்னுடையதை அடித்தேன். காபனை எரிக்காமல் வைத்திருந்தவளும், வெளியாள் எடுத்துப்போக இடம் கொடுத்தவளும் நானே என்றும், திரு. காசிமுக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை என்றும் எட்டு வரி. ஒப்பமிட்டு, கோவைக்குள் வைத்து, சேருக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றேன்.

வழமைபோலக் கீழேயிருந்து தொடங்கினார். முதலில் என் பெயர். "என்ன மிஸ், லீவோ?" என்றார். விரல் ஒரு வரி மேலே போயிற்று. "எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன்." விரல் நின்றது. பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு வரியாக ஏறியது. இவ்வளவு நேரம் எடுத்து அவர் எட்டு வரி வாசித்ததை நான் பார்த்ததில்லை. திகதிவரை வந்து நிமிர்ந்தார்.

"எப்ப தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை சேர்."

"பொறி இறுகினதெண்டது?"

"பொய் சேர்."

"றிபன்?"

"அதுவும் பொய்."

"காபன்?"

"காபன் இல்லையெண்டது மட்டும் உண்மை சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மணியடித்தார். காசிம் நானா கதவடியில் வந்து நின்றார், கட்டளைப்படி உள்ளே வரவில்லை. சேர் எழும்பி நின்றார். ஒரு பியோன் வர அவர் எழும்பி நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"உள்ள வாங்கோ காசிம். நான் உங்களிலை அநியாயமாச் சந்தேகப்பட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அதுவரை நானாவை வா, போ என்றுதான் சொல்லுவார். அதற்கு நானா, "தேத்தண்ணி கொண்டு வரட்டோ சேர்?" என்றார்.

நானா போனதும் சேர் என்னைப் பார்த்தார். "குறிப்புக் கொப்பியை எடுங்கோ."

எனக்கு எதிரான எச்சரிக்கைக் கடிதத்தை எனக்கே சொன்னார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. "கடமையில் பாரதூரமான கவனயீனம்" என்றார். "மேலதிகாரியை நான்கு தினங்கள் ஏமாற்றியமை" என்றார். இனி இவ்வாறு நிகழ்ந்தால் சேவையிலிருந்து நீக்கப்படுவீர் என்று முடித்தார். கண்ணீர் விழுந்து குறிப்புக் கலங்கியது. கலங்கின இடத்தைத் திருப்பிக் கேட்டேன், பொறுமையாகத் திருப்பிச் சொன்னார்.

முறைப்படி அந்தக் கடிதம் மூன்று கொப்பி. ஒன்று எனக்கு, ஒன்று என் தனிக் கோவைக்கு, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு. கோவைக்குள் அது போனால் நாலு மாதத்தில் என் நியமனத்தை உறுதிப்படுத்தமாட்டார்கள். இருந்தாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"எத்தனை கொப்பி சேர்?"

"ஒண்டு. உங்களுக்கு மட்டும்."

"பைலுக்கு?"

"காபன் தட்டுப்பாடெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. யன்னல் பக்கம் திரும்பிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த ஒரு கடிதம் இன்றைக்கும் என் அலுமாரியில் இருக்கிறது. நாலு மாதத்தில் நியமனம் உறுதியாயிற்று. முப்பத்திநாலு வருடத்தில் ஒன்பது பேருக்குக் கீழே வேலை செய்தேன். நல்லவர்களும் இருந்தார்கள், போக்கிரிகளும் இருந்தார்கள். சபாநாதன் சேருக்காக மட்டும் ஒவ்வொரு மரித்த விசுவாசிகள் தினத்திலும் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். அவர் முருக பக்தர், கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஐஸ் தொழிற்சாலை கடைசியில் இரண்டு ஊருக்கும் வரவில்லை.

அன்று வியாழக்கிழமை, சேரின் அறையிலிருந்து வெளியே வந்து நேரே பின்னால் அடுப்படிக்குப் போனேன். காசிம் நானா தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தார். காலில் விழத்தான் போனேன். அவர் "சூடு, சூடு, தள்ளி நில்லு தங்கச்சி" என்று கேத்திலைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"நானா, அண்டைக்குச் சேர் வேற ஆரும் தொட்டவையோ எண்டு கேக்கேக்கை ஏன் யோசிச்சனீங்கள்?"

"தேத்தண்ணி கொண்டு வரக்குள்ள உன்ட மச்சாள் கீழ் லாச்சியத் திறந்தத கண்டன். இந்த அடுப்புக்கு ஆறு மாசமா ஒரு காபனும் வரயில்ல. எனக்குக் கணக்குப் பாக்கத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபம்! அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "எல்லாம் தெரிஞ்சுகொண்டோ அந்த வாங்கில இருந்தனீங்கள்? ராத்தாவை ஆர் பார்க்கிறது எண்டு யோசிச்சனீங்களோ? பைத்தியமோ உங்களுக்கு?" என்று கத்தினேன். குற்றம் செய்தவள் நான், ஏச்சு வாங்குகிறவர் அவர்.

"சேர் மாத்தம் தருவார் எண்டு தெரியும், மகளுக்குச் சொல்லி அனுப்பிட்டன். மறிச்சுக்கட்டிக்குக் கூட்டிப் போறமெண்டு சொன்னாள். எனக்கு இன்னும் எட்டு மாசந்தானே கிடக்கு? உன்னை அனுப்பினா உனக்கு வேற வேலை ஆர் தாறது?" என்றார். கோப்பையைக் கழுவித் துணியால் துடைத்தார். "எண்டாலும் நீயே சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன். திருநாளில மச்சாளைக் காணுவாய், திங்கக்கிழமை சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு நாள்.

"அந்த நாலு நாளும் நீ சோத்துப் பாசலைப் பிரிக்கவே இல்லையே, தங்கச்சி" என்றார் காசிம் நானா. "நான் போறதுக்குக்கூட எனக்கு அவ்வளவு கவலையில்ல. இந்தப் புள்ள சாப்பிடாமக் கிடக்குதே எண்டுதான் எனக்கு வாங்கில இருக்க முடியாமக் கிடந்தது."